பந்து வராத ஆட்டம்

மேடையில் பந்து கிடையாது, மட்டை கிடையாது, ஆட்டக்காரன் ஒருவன்கூடக் கிடையாது. நாலு பெஞ்சு, அதில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் ஒரு கூட்டம், அவ்வளவுதான். 1977இல் சிகாகோவின் ஆர்கானிக் தியேட்டர் கம்பெனி போட்ட ‘ப்ளீச்சர் பம்ஸ்’ என்ற பேஸ்பால் நாடகம் இது. யோசனை நடிகர் ஜோ மான்டெக்னாவுடையது. இயக்கியவர் ஸ்டூவர்ட் கார்டன். ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில், வெயில் சுடும் கூரையில்லாத பெஞ்சுகளில், கப்ஸ் அணியின் ரசிகர்கள் தொட்டதற்கெல்லாம் பந்தயம் கட்டுகிறார்கள். கப்ஸ் 1908இல் கோப்பை வாங்கியது. மறுபடி வாங்கியது 2016இல். நடுவில் 108 வருஷம் விடாமல் டிக்கெட் எடுத்தவர்களை விட்டுவிட்டு வேறு யாரை நாடகமாக்குவது? அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களும் இந்த நாடகத்தைப் போடுவதுண்டு. செட்டியார்பட்டியைச் சுற்றி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலும் உள்ள கல்லூரிகள் ஆண்டு விழாவுக்கு இதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டத்தையே காட்டாமல் ஆட்டத்தைப் பற்றி நாடகமா என்று கேட்பார்கள். நம் ஊர்க் கொடையில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ என்ன செய்கிறது? வள்ளி தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாள். ஒரு குருவிகூட மேடைக்கு வந்ததில்லை. மானைத் தேடி வேடன் வருவான், மான் வராது. அதற்காக யாரும் எழுந்து போய்விடவில்லை. இன்னும் பின்னால் போனால் கலித்தொகையின் முல்லைக்கலி: ஏறு தழுவுவதைத் தோழி தலைவிக்குச் சொல்லச் சொல்லத்தான் நமக்குக் காளையே தெரிகிறது. வர்ணனையாளர் வேலை நம்மிடம் வானொலிக்கு முந்தியது. ‘ப்ளீச்சர் பம்ஸ்’ நாடகத்தில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. நடிகர்கள் சபையைப் பார்த்து உட்காருவதால், மைதானம் என்பது சபைதான். எல்லைக்கோட்டருகே கேட்சை விட்டவனைத் திட்டும்போது கை நீளும் திசையில், முதல் வரிசையில், கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருப்பார். ஒத்திகைக்கு ஆள் சேர வேறு காரணம் வேண்டுமா?

பேஸ்பால் நமக்கு எதற்கு என்றால், எதற்குமே இல்லை; கிரிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. சச்சின் 136 எடுத்து அவுட்டானபோது ஸ்கோர் 254. மிச்ச மூன்று விக்கெட்டும் நாலு ரன்னில் போய், 12 ரன்னில் தோல்வி. பிறகு அந்தக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. யார் எத்தனை பந்து ஆடினார் என்பது ஸ்கோர் கார்டில் இருக்கிறது. அழுகைக்கும் கைதட்டலுக்கும் நடுவே கேலரியில் யார் யாரிடம் என்ன பேசினார்கள், முதலில் எழுந்தவன் யார், அவனை எவன் சட்டையைப் பிடித்து இழுத்தான் என்பதெல்லாம் எந்தக் கார்டிலும் கிடையாது. நாடகம் அங்கேதான் இருக்கிறது.

கல்லூரி மேடையில் பந்தயம் கட்டலாமா என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். தருமன் சூதாடியிருக்காவிட்டால் பாரதம் பாதியிலேயே முடிந்திருக்கும்; அதைக் கோயில் வாசலில் வைத்தே கேட்கிறோம். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் பணத்துக்குப் பதில் எண்ணெய் புரோட்டாவைப் பந்தயம் வைக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் தோற்றவன் முகம் இன்னும் உண்மையாகவே வாடும். நிஜமான சிக்கல் எதிரணி ரசிகன் வேடத்துக்கு ஆள் பிடிப்பதுதான். பெஞ்சு நிறைய சென்னை அணியின் மஞ்சள் சட்டை உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவன் மட்டும் மும்பை அணிக்கு விசிலடிக்க வேண்டும். அதையும் எல்லாக் காட்சியிலும், அதே ஊரில் குடியிருந்துகொண்டு.