பாம்பு மருந்து வாங்கப் போற மாப்ளைக்கு

வாங்கிரு மாப்ள, தாராளமா வாங்கிரு. ஒரு மூட்டை உளுந்து வித்த காசுதானே, போனாப் போகுது. நாகப்பாம்பு விஷத்துல காச்சின சொட்டு மருந்தாம், நாக்குக்கு அடியில மூணு சொட்டு விட்டா நரம்பு வியாதி அம்புட்டும் ஓடிப்போயிருமாம். செல்லுல சொல்றவன் வெள்ளைக் கோட்டு வேற போட்டிருக்கான். நானும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு இருந்து ரிட்டயர் ஆனவன்தான். அந்தக் கோட்டு எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்கப்பனுக்கு என்ன வியாதி? "நரம்புதான் மாமா"ன்னு மழுப்பாத. கை நடுங்குறது நடுக்குவாதமா, தைராய்டா, சாப்பிடுற மாத்திரை ஒத்துக்கலையா, இல்ல சாயங்காலம் ஊத்திக்கிறதைத் திடீர்னு நிறுத்துனதா? அவன் எனக்கு மச்சான். கடைசியா சொன்னது எனக்குத்தான் தெரியும், உங்கம்மாட்ட சொல்லிறாத.

அந்தச் சொட்டு விக்கிறவனுக்கு விஷம் எங்க இருந்து வந்துச்சாம்? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் சனம் 1978ல ஆரம்பிச்ச பாம்பு பிடிக்கிற கூட்டுறவுச் சங்கம் ஒண்ணு இருக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு வனத்துறை அனுமதி வாங்கிப் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, பாம்பைத் திரும்பக் காட்டுலயே விட்டுருவாங்க. அந்த விஷம், பாம்புக்கடிக்கு மாத்து மருந்து தயாரிக்கிற கம்பெனிக்குப் போகுது. உன் செல்லுக்காரனுக்கு எந்தப் பாம்பு வந்து தனியா கறந்து குடுத்துச்சு? சரி, நிஜ விஷம்னே வெச்சுக்குவோம். விஷத்துல பெரும்பங்கு புரதம். முழுங்கினா வயித்துல செரிச்சுப் போயிரும், நரம்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது. வாயில புண்ணு இருந்தா மட்டும் நேரா ரத்தத்துல கலக்கும். அதாவது, போலின்னா காசு போச்சு, அசல்னா ஆளு போச்சு.

இந்த யோசனை உனக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்துருக்கு. அமெரிக்காவுல மியாமியில பில் ஹாஸ்ட்னு ஒரு மனுசன். பாம்புப் பண்ணை வெச்சு, சனம் டிக்கெட் எடுத்துப் பாக்க, வெறுங்கையால விஷம் கறப்பாரு. 1948ல இருந்து நாக விஷத்தைத் துளித்துளியா தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டாரு. 170 தடவைக்கு மேல கடி வாங்கியும் 2011ல சாகும்போது 100 வயசு. அவரும் ஒரு டாக்டரும் சேந்து, நாகம், கட்டுவிரியன், அந்த ஊர்த் தண்ணி விரியன் மூணு விஷத்தையும் கலந்து புரோவென்னு ஒரு ஊசி மருந்து பண்ணுனாங்க. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்னு, நரம்பு மேல இருக்கிற உறையை உடம்பே அரிச்சுத் தின்னுற வியாதி இருக்கு. அது வந்தவங்க ஆயிரக்கணக்குல வரிசை கட்டுனாங்க. 1980ல அமெரிக்க மருந்துத் துறை குறுக்க நின்னு, "ஒழுங்காச் சோதிச்சியா?"ன்னு கேட்டுச்சு. சோதிக்கல. கடை மூடியாச்சு. "எனக்கு நல்லாச்சே"ன்னு அழுதவங்களும் உண்டு. அந்த வியாதிக்கு ஒரு குணம் இருக்கு மாப்ள, பலருக்குத் தானா ஏறும், தானா இறங்கும். இறங்குற வாரம் நீ வேப்பெண்ணெயைத் தடவியிருந்தாலும் பேரு வேப்பெண்ணெய்க்குத்தான். 100 வயசைச் சொல்லி விக்கிறவன், 2003ல மலாயா விரியன் கடிச்சு அவருக்கு ஒரு விரலே போனதைச் சொல்ல மாட்டான்.

அந்த மலாயா விரியனுக்கும் ஒரு கதை உண்டு. நம்ம சனம் ரப்பர் பால் எடுக்கப் போன சீமைதான் மலாயா. அங்க ரீடுன்னு ஒரு டாக்டர், இந்தப் பாம்பு கடிச்சவங்களுக்கு நாள்கணக்கா ரத்தம் உறையாம இருக்கிறதைக் கவனிச்சாரு. உறையாத ரத்தம்னா, மூளையில அடைப்பு வந்து பக்கவாதம் அடிச்சவனுக்கு உதவுமேன்னு விஷத்துல இருந்து ஆன்க்ரோடுன்னு ஒரு சரக்கைப் பிரிச்சாங்க. 2000ல அமெரிக்காவுல வந்த முடிவு, 500 பேருல சோதிச்சது: பொய் ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு 34 பேரு தேறுனா, இதுல 42 பேரு. ஊரே கைதட்டுச்சு. 2006ல ஐரோப்பாவுல 1222 பேருல, ஊசியைக் கொஞ்சம் தாமதமாப் போட்டுச் சோதிச்சுப் பாத்தா, தேறல் ஒண்ணும் கூடலை, மூளைக்குள்ள ரத்தக்கசிவுதான் கூடிருச்சு. அம்புட்டுப் படிச்சவங்க அளந்து போட்டும் இந்தக் கதி. நீ மூணு சொட்டுங்குற.

அப்ப விஷத்தால நரம்பு வைத்தியத்துக்குப் பிரயோசனமே இல்லையான்னு கேப்ப. இருக்கு, ஆனா புட்டியில அடைச்சு விக்கிற பிரயோசனம் இல்ல. தைவான்ல சாங், லீன்னு ரெண்டு பேரு 1963ல அந்த ஊரு கட்டுவிரியன் விஷத்தைப் பிரிச்சு ஒரு நஞ்சைத் தனியா எடுத்தாங்க. நரம்பு சொல்ற சேதி சதைக்குள்ள நுழையுற இடத்துல பூட்டு இருக்கு. அசிட்டைல்கோலின்னு ஒரு சாவி வந்து திறந்தாத்தான் சதை அசையும். இந்த நஞ்சு கள்ளச்சாவி, உள்ள போய் முறிஞ்சுக்கிட்டு நிக்கும். திறக்கவும் செய்யாது, வெளிய வரவும் வராது. கடிபட்டவனுக்கு எமன். ஆனா பூட்டு எங்கெங்க எத்தனை இருக்குன்னு எண்ணப் பாத்தவனுக்கு வரப்பிரசாதம்.

மயஸ்தீனியா கிராவிஸ்னு ஒரு வியாதி. காலையில நல்லா இருப்பான், பொழுது சாயச் சாய இமை தொங்கும், சோறு மெல்லத் தாடை வராது. பேய் பிடிச்சதுன்னு வேப்பிலை அடிச்ச வீடும் எனக்குத் தெரியும். 1973ல அமெரிக்காவுல மின்விலாங்கு உடம்புல இருந்து எடுத்த பூட்டை முயலுக்கு ஊசி போட்டாங்க. முயல் உடம்பு அதை எதிரின்னு நினைச்சு, தன் சொந்தப் பூட்டையும் சேத்து அடிச்சு, தளந்து விழுந்துருச்சு. அதே வருஷம் இன்னொரு கூட்டம் அந்தக் கள்ளச்சாவியை வெச்சு நோயாளி சதையில எண்ணுச்சு. பூட்டு ரொம்பக் குறைச்சல். குற்றவாளி உடம்போட சொந்தக் காவல்படைதான்னு தெளிஞ்சதும், அதை அடக்குற வைத்தியத்துக்கு வழி கிடைச்சுச்சு. அந்த வியாதிக்கான ரத்தப் பரிசோதனையிலயும் இந்தக் கட்டுவிரியன் நஞ்சு வேலை பாக்குது. இன்னொரு வேடிக்கை கேளு. நாகம் கடிச்சு இமை சொருகுறவனுக்கு, மாத்து மருந்தோட நாங்க போடுற நியோஸ்டிக்மின் ஊசி, அந்த மயஸ்தீனியாவுக்கும் மருந்துதான்.

கருப்பு மாம்பா விஷத்துலயும் வலியைக் குறைக்கிற பொருள் இருக்குன்னு 2012ல பிரான்சுல கண்டாங்க, மார்பின் அளவுக்கு வேலை செஞ்சுச்சாம். எலிக்கு. உங்கப்பன் எலிவளையில எதுவும் குடியிருக்கானா?

நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு மச்சானைக் கூட்டிக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போ. நரம்பு டாக்டரைப் பாக்கணும்னு சொல்லிச் சீட்டுப் போடு. பழைய சீட்டு, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் மஞ்சப்பையில எடுத்துக்க. நடுக்கம் கை சும்மா இருக்கிறப்ப வருதா, டம்ளரைத் தூக்குறப்ப வருதான்னு இன்னைக்கு ராத்திரியே உக்காந்து பாத்து வெச்சுக்க, டாக்டரு முதல்ல அதைத்தான் கேப்பாரு. போறவரைக்கும் நடந்துக்கிட்டிருக்கிற மாத்திரையை நிறுத்தாத. உளுந்துக் காசை ஸ்கேனுக்கு வெச்சுக்க. அந்தச் செல்லுக்காரன் நம்பரை இங்க குடு, ரெண்டு சொட்டை அவனையே முதல்ல நாக்குல விட்டுக் காட்டச் சொல்றேன்.