பெட்டி கட்டும் வேட்டைக்காரர்

டெக்சாஸில் கார் ஷோரூம் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தைந்து. பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் கட்டி முடித்தாயிற்று. கையில் காசு இருக்கிறது, கனவில் சிங்கம் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவைப் பற்றி டாக்டர் மட்டும் அவ்வப்போது ஏதோ முணுமுணுக்கிறார். இந்த ஆசாமி ஒரு ஜனவரியில் வேட்டைப் பொருட்காட்சிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போவார். தென்னாப்பிரிக்கப் பண்ணைக்காரர் ஒருவரின் ஸ்டாலில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார். லிம்போபோ மாகாணத்தில் பத்து நாள் வேட்டை. ஒரு குடு மான், ஒரு காட்டெருமை, மற்றவை போகிற போக்கில். புறப்பாடு அடுத்த ஆண்டு ஜூலை.

அதாவது பத்து நாளைக்கு முன்னால் பதினெட்டு மாதம். நம்மவர் வாழப்போவது இந்தப் பதினெட்டு மாதத்தில்தான். வேட்டையாடுவது தர்மமா என்ற வழக்கை வேறு யாராவது நடத்தட்டும். நான் இவருடைய பெட்டியை மட்டும் எட்டிப் பார்க்கிறேன்.

கூட்டிப்போகும் தொழில்முறை வேட்டைக்காரரை அந்த வட்டாரத்தில் ‘பி.எச்.’ என்பார்கள். அவரிடமிருந்து சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் வரும். மான் சுட வீட்டில் இருக்கிற .30-06 போதும். எருமைக்கு .375 ஒன்று வேண்டும். முக்காலிக் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து, நின்றபடி சுட்டுப் பழகுங்கள். தினமும் நடங்கள். இந்த நான்கில் காசு கொடுத்து வாங்கக்கூடியது ஒன்றுதான். ஆகவே நம்மவர் அதை உடனே பிடித்துக்கொள்வார்.

.375 என்பது லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-இல் கொண்டுவந்த தோட்டா. பல ஆப்பிரிக்க நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் சட்டப்படி குறைந்தபட்ச அளவாக இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தக் ‘குறைந்தபட்சம்’தான் அவருக்கு உறுத்துகிறது. முப்பது வருஷ வியாபாரத்தில் யாருக்கும் அவர் அடிமட்ட மாடலை விற்று அனுப்பியதில்லை. துப்பாக்கிக் கடைக்காரரும் அதே சாதி வியாபாரி. கடைசியில் .458 லாட் என்ற பீரங்கியின் தம்பியோடு வீடு திரும்புவார்.

அதை முதன்முதலில் சுட்ட அன்று மாலை தோள்பட்டை கத்தரிக்காய் நிறம். பத்து ரவுண்டு சுட்டதும் உடம்புக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. மூளைக்கு இன்னும் புரியவில்லை. சுடுமிடத்தில் அனுபவஸ்தர் ஒருவர் இருப்பார். இவருக்குத் தெரியாமல், தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுப்பார். நம்மவர் மூச்சடக்கி, குறி பார்த்து, விசையை இழுக்கிறார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழல் நுனி ஒரு சாண் கீழே குத்துகிறது, கண் இறுக மூடுகிறது, பல் நறநறக்கிறது, தோள் துள்ளுகிறது. வெடிக்காத துப்பாக்கி அவரை உதைத்துவிட்டது! அனுபவஸ்தர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். “விசை கொஞ்சம் கடினமாக இருக்கு” என்று நம்மவர் அதை மாற்றக் கொடுப்பார். அதற்கு ஒரு பில்.

குச்சியில் வைத்துச் சுடும் கலை இருக்கிறதே, அது இன்னும் மோசம். டெக்சாஸில் மான் வேட்டை என்றால் பெரும்பாலும் கூரை போட்ட பரணில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நேரம் தவறாமல் மக்காச்சோளம் கொட்டும் எந்திரத்துக்கு மான் வந்து சேரும்வரை ஃபிளாஸ்க் காப்பி குடிக்க வேண்டும். ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் நடந்து நடந்து மூச்சு வாங்கும்போது திடீரென்று பி.எச். மூன்று குச்சியை விரித்து நட்டு, “இப்போ!” என்பார். குடு மான் மரியாதைக்குச் சில விநாடி நிற்கும். இதற்குப் பழக வேண்டும் என்று நம்மவருக்குத் தெரியும். அதனால் கார்பன் ஃபைபரில் செய்த விலை உயர்ந்த முக்காலி ஒன்றை வாங்கியிருக்கிறார். அது கராஜில், உறை பிரிக்காமல், நடைப்பயிற்சி எந்திரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. எந்திரத்தின் மேல் வேறு சில பெட்டிகளும் இருக்கின்றன.

படிப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது. ரூஸ்வெல்ட் கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜனாதிபதி பதவியை விட்டிறங்கிய சில வாரங்களில், 1909 மார்ச்சில், ஆப்பிரிக்க வேட்டைக்குக் கப்பலேறியவர். தோல் பதப்படுத்த நான்கு டன் உப்பு, பன்றித்தோலில் பைண்டு செய்த ஒரு குட்டி நூலகம், சுமை தூக்க இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். அப்பனும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து 512 உயிர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். இதை நெஞ்சு விம்மப் படித்துவிட்டு விமானக் கம்பெனியின் விதியைப் பார்த்தால், பெட்டி 23 கிலோ, தோட்டா 5 கிலோ, அதற்குமேல் கூடாது. நூற்றாண்டு என்னமாய்ச் சுருங்கிவிட்டது என்று மனைவியிடம் அங்கலாய்ப்பார். ஹெமிங்வேயையும் விடவில்லை. 1934 ஜனவரியில் அந்தச் சூரரைப் படுக்கையில் தள்ளி நைரோபிக்கு விமானத்தில் அனுப்பிவைத்தது சிங்கமல்ல, சீதபேதி. இந்த ஒரு பாடத்தை மட்டும் நம்மவர் அப்படியே ஏற்றுக்கொண்டு, வயிற்றுப்போக்கு மாத்திரையில் மூன்று தினுசு வாங்கி வைத்திருக்கிறார்.

புத்தகங்களில் இருப்பது கென்யா. அங்கே 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் புத்தகத்தில் இருக்கிறதே என்று சுவாஹிலி கற்றுக்கொள்கிறார். காரில் போகும்போது “ஜம்போ! ஹபாரி?” என்று ஸ்டீயரிங்கிடம் குசலம் விசாரிப்பார். லிம்போபோவில் பேசுவது வடக்கு சோத்தோ, வெண்டா, சோங்கா. பண்ணை முதலாளி வீட்டில் ஆஃப்ரிக்கான்ஸ். சுவாஹிலிக்கு அங்கே வேலையே இல்லை. இதை யாராவது சொல்லலாம். சொல்ல மனம் வராது.

உடுப்பு விஷயத்தில்தான் ஆளின் முழு மேதைமையும் வெளிப்படும். காக்கியில் எட்டு அரைக்கை சட்டை, நான்கு அரைக்கால் சட்டை, சிறுத்தைப்புள்ளி நாடா சுற்றிய தொப்பி, தோட்டா செருகும் இடுப்புவார், என்ன போடுவது என்றே தெரியாத பதினேழு பைகள் கொண்ட ஒரு மேல்சட்டை. விடுதியில் தினமும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பார்கள், மூன்று செட் போதும் என்று பி.எச். எழுதியிருந்தார். அது ஏழைகளுக்குச் சொன்னது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்பதில் நம்மவருக்குச் சந்தேகமே கிடையாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம். விடியற்காலை 5 டிகிரி வாக்கில், திறந்த வண்டியின் பின்பக்கம் நின்றுகொண்டு போகும்போது அந்த அரைக்கால் சட்டை என்ன பாடுபடும் என்பதை தடம் பார்த்துச் சொல்லும் டிராக்கர்கள் வருஷாவருஷம் கண்டு களிக்கிறார்கள். அவர்கள் போட்டிருப்பது கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டும்.

சுவர் தயார். குடுவின் கொம்பு சுருண்டு சுருண்டு மேலே போகும். தலையும் தோளுமாகப் பாடம் செய்து மாட்ட இடம் வேண்டும் என்று கூடத்தின் உயரத்தை டேப் வைத்து அளந்து, விளக்கு பொருத்தி, ஆணியும் அடித்தாயிற்று. மனைவி சோபாவை நகர்த்த ஒப்புக்கொண்டது ஜான்சிபார் கடற்கரையில் ஒரு வாரம் என்ற நிபந்தனையின் பேரில். குடு மட்டும் இன்னும் லிம்போபோவில் இலை தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் சும்மா ஒரு குடு இல்லை. போதிய வேலி போட்ட நிலத்துக்காரருக்கே உள்ளே இருக்கும் விலங்கு சொந்தம் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கார் ஷோரூம்போலவே விலைப்பட்டியல் உண்டு. இம்பாலா மான் சில நூறு டாலர், குடு சில ஆயிரம், எருமை பத்தாயிரத்தைத் தாண்டும். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும், விலங்கு கிடைக்காமல் ஓடிப்போனாலும், முழு விலை. இந்த வரியை நம்மவர் படித்திருக்கிறார். தனக்கல்ல என்று தாண்டிப் போயிருக்கிறார்.

அப்புறம் காகிதங்கள். துப்பாக்கியை அமெரிக்க சுங்க அதிகாரியிடம் காட்டி வாங்கவேண்டிய படிவம் ஒன்று. தென்னாப்பிரிக்கப் போலீசுக்கு எஸ்.ஏ.பி.எஸ். 520 ஒன்று, கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும், போலீஸ்காரர் கண்ணெதிரே அல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது. நம்மவர் நீல மையில் அழகாக நிரப்பி, வீட்டிலேயே கையெழுத்தும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் அந்த கவுன்ட்டர் முன் ஒன்றரை மணி நேரம் நின்றதுதான் பயணத்தின் முதல் காத்திருப்பு வேட்டை.

பண்ணைக்கு வந்து சேர்ந்ததும் நேரே காட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். “விமானத்தில் தூக்கிப் போட்டிருப்பார்கள், ஸ்கோப் சரியாக இருக்கிறதா பார்த்துவிடலாம்” என்று பி.எச். சொல்வார். சோதிப்பது ஸ்கோப்பை அல்ல. டிராக்கரிடம் நம்மவர் “ஜம்போ!” என்கிறார். அவர் “குட் மார்னிங் சார்” என்கிறார். எதிரே மரத்தில் ஓர் அட்டை. குச்சியை விரித்துக் கொடுக்கிறார்கள். புதுக்கருக்கு அழியாத பூட்ஸில் கால் அகட்டி நின்று, மூன்று தடவை பூமி அதிர வைக்கிறார். அட்டைக்கு ஒரு கீறலும் இல்லை. நாற்பது அடி தள்ளி ஒரு கறையான் புற்று மட்டும் தலையிழந்து நிற்கிறது.

கூடம் கோணல் என்று ஆடத் தெரியாதவளே சொல்லிக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம். இங்கே நட்டுவனாரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.

“நினைத்தேன். ஸ்கோப் ஆடிப்போயிருக்கிறது.”

துப்பாக்கியை வாங்கி, திருகு எதையும் தொடாமல், தானே ஒன்று சுடுகிறார். நட்டநடுவில் ஓட்டை.

“இப்போது சரியாகிவிட்டது” என்று திருப்பிக் கொடுக்கிறார்.

நம்மவருக்கு நிம்மதி. எருமை என்றைக்கு என்று கேட்கிறார். கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பி.எச். பின்னால் டிராக்கர் ஏற்கெனவே இருந்த தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். குளிர்காலத்தில் எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று நம்மவர் கேட்கிறார்.

“நிறைய நடக்க வேண்டியிருக்கும், சார்.”