எஞ்சின் கோளாறு அண்ணன்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தங்கச்சிமடத்து அண்ணனுக்குக் கொண்டாட்டம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகெல்லாம் நங்கூரத்தில் கிடக்கும், ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும். மொட்டை மாடியில் பாயை விரித்து, நடுவில் இரண்டு பகடையைப் போட்டு, "இப்ப எல்லாரும் விண்கலத்துல இருக்கீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் மாதிரி ஓர் ஆளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் விண்வெளிக் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்று, 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்'; அதை அண்ணன் கரைத்துக் குடித்தவர். அதன் பழைய விதிப்படி, பாத்திரத்தை உருவாக்கும்போதே பகடை சரியாக விழாவிட்டால் ஆள் செத்துப்போவான். அண்ணனிடம் மாட்டிய பிறகுதான் அந்த விதியின் கருணை எங்களுக்குப் புரிந்தது.

விண்கலம் கையில் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் போகலாம் அல்லவா? அண்ணனிடம் முடியாது. வலப்பக்க நட்சத்திரத்துக்குத் திருப்பினால் எஞ்சின் கோளாறு. இடப்பக்கம் என்றால் எரிபொருள் கசிவு. "சரிண்ணே, சும்மா நிக்கிறோம்" என்றால் விண்கல் மழை. எந்த விபத்து நடந்தாலும் போய் விழுவது ஒரே கிரகத்தில்தான்: கடல் கொண்ட ஊர், கூரையில்லாத தேவாலயம், மணல் மூடிய ரயில் நிலையம். பெயர் 'டி-64'. கேட்டால் அது தனுஷ்கோடி இல்லையாம். 1964 புயலோடு நிஜத் தனுஷ்கோடிக்கு ரயில் நின்றுபோனது. அண்ணன் கதையில் மட்டும், எங்களை விலகவிடாத தண்டவாளம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இறங்கியதும் நோட்டைப் பிரிப்பார். கிரகத்தின் சரித்திரம், அரச வம்சம், அங்கே கருவாடு கிலோ என்ன விலை என்பது வரை வாசிப்பார். பாம்பன் தம்பி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டான்: "அண்ணே, நடுக்கடல்ல எஞ்சின் நின்னா பக்கத்துப் போட்டுல கயித்தக் கட்டிக் கரைக்கு இழுத்துட்டு வந்துருவோம். ஒக்காந்து சரித்திரமா கேப்போம்?"

அண்ணன் அசரவில்லை. பகடையை உருட்டினார். கயிறு அறுந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சாகசக் கதைக்கு நோட்டு நிறையச் சரித்திரம் தேவையில்லை. ஒரு சிக்கல், ஒரு கெடு, ஆளுக்கொன்று கேட்கும் மூன்று பேர் போதும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறதே, அது பாதி உயரத்தில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே கப்பல் போகாது. மேலே ரயில் போகாது. பொழுது சாய்வதற்குள் புயல். கப்பல்காரர் ஒன்று கேட்பார், ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்று, ரயிலில் இருக்கும் பிள்ளைத்தாச்சி ஒன்று. இதை அப்படியே தூக்கி விண்வெளியில் வைத்தால் கதை தயார். அதற்குமேல் ஆடுகிறவன் பாடு. அவன் என்ன செய்வான் என்பது கதை நடத்துகிறவருக்கே தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அது ஆட்டமில்லை, கதாகாலட்சேபம்.

இத்தனைக்கும் இந்தப் பாம்பன் தீவில் கதை நடத்த எங்களுக்கு வாய்த்தவர் அண்ணன் ஒருவர்தான். ராத்திரி டீயும் பருத்திப்பாலும் அவர் காசு. ஆகவே அண்ணே, தடை முடியும் ஜூன் 14-க்குள் ஒரே ஒரு தடவை, நாங்கள் சொல்லும் நட்சத்திரத்துக்கு எஞ்சினை ஓடவிடுங்கள்.