மிச்சம் இருப்பதில் பிடித்ததைப் படி

மே மாதம் வந்தால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கல்யாண மண்டபம் கிடைக்காது. பாதி நாள் முகூர்த்தம், மீதி நாள் ‘உயர்கல்வி வழிகாட்டி விழா’. இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. வாசலில் பன்னீர் உண்டு, கற்கண்டு உண்டு. மொய் எழுதும் மேசையில் பெயர், ஊர், மதிப்பெண், அப்பாவின் செல்போன் எண் எழுதி வாங்குவார்கள். போகும்போது தாம்பூலப் பைக்குப் பதில் கல்லூரி பெயர் போட்ட பை. பிள்ளையை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்பப் போகிறோமே என்ற கலக்கம் பெற்றவர்கள் முகத்தில் இரண்டு விழாவிலும் ஒன்றே.

மேடையில் காதோரம் மைக் மாட்டிய ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுவார். “மாணவச் செல்வங்களே! மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று படிக்காதீர்கள். உங்கள் மனசு என்ன சொல்கிறது? எதில் ஆர்வமோ அதைப் படியுங்கள்!” கைதட்டல் கூரையைப் பிளக்கும். பேசுகிறவர் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதில்தான் அவருக்கு ஆர்வம் என்று பிற்பாடு கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த அறிவுரை பொய் இல்லை. வந்து சேரும் நேரம்தான் மோசம். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, ‘உனக்கு எந்த அறை பிடிக்கும், தாராளமாகப் போ’ என்கிறார்கள்.

முதல் கதவு சாத்தப்பட்டது இரண்டு வருஷம் முன்னால், ஊர் மேல்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறையில். வல்லத்திலோ ஒலக்கூரிலோ மேல்மலையனூரிலோ ஜூன் மாதத்தில் எந்தப் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள், இந்தப் பேச்சு காதில் விழும்.

“சார், பாப்பா நர்சுக்குப் படிக்கணும்னு சொல்லுது.”

“பத்தாவதுல இன்னா மார்க்கு?”

“எரநூத்தி எழுவது சார்.”

“அதுக்கு காமர்ஸ்தான்யா வரும். சயின்ஸ் குரூப்புல எடம் முடிஞ்சி போச்சி.”

“சரி சார். நீங்க பாத்து எது போட்டாலும் சரி.”

அவ்வளவுதான். பதினைந்து வயசுப் பிள்ளையின் வாழ்க்கை, டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. பாப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமையாசிரியரைத் திட்டியும் புண்ணியமில்லை. அவர் பள்ளியில் இரண்டே குரூப் இருக்கும். மூன்றாவது குரூப்புக்கு வாத்தியார் கேட்டு எழுதிய கடிதம் விழுப்புரத்தில் எந்தக் கட்டில் கிடக்கிறதோ. பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார் இல்லாத வருஷத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தவனுக்கு, ஆயுசுக்கும் பிசிக்ஸில் ஆர்வம் இருக்காது. அதைத்தான் பிற்பாடு ‘மாணவர்களிடையே அடிப்படை அறிவியலில் ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று கருத்தரங்கில் கண்ணீர் விடுவார்கள்.

இரண்டாவது கதவு இ-சேவை மையத்தில். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இந்த நாலு காகிதத்துக்கு ஒரு குடும்பம் நடக்கிற நடையில் கால் பங்கு கூட, என்ன படிக்கலாம் என்ற பேச்சுக்கு மிஞ்சுவதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர் எத்தனை நாள்தான் பேசிக்கொண்டிருப்பார்?

அதற்குப் பிறகு பிரவுசிங் சென்டர் அண்ணன். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன் ஆனதில் இருந்து இவர்தான் வடதமிழ்நாட்டின் உண்மையான துணைவேந்தர். முன்பெல்லாம் அப்பனும் பிள்ளையும் மஞ்சள் பையோடு கிண்டிக்குப் போய், திரையில் ஓடும் காலியிடங்களைக் கண்ணால் பார்த்தாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போது அண்ணன் கேட்பார்: “கட் ஆஃப் எவ்ளோ? நூத்தி இருவதா? இரு, நானே போட்டு உட்டுடறன்.” விருப்பப் பட்டியல் என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்பது அண்ணனுக்கும், அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிற கல்லூரிக்கும் தெரியும். ஓடிபி வந்த போன் பிள்ளையின் கையில் இருக்கும். எண்ணைச் சொன்னதும் அதன் வேலை முடிந்தது.

சரி, கல்லூரிக்குள் என்ன விற்கிறார்கள்? பெயர் விற்கிறார்கள். பி.காம். சி.ஏ. என்று பலகையைப் பார்த்துப் பிள்ளை ஆடிட்டர் ஆகிவிடும் என்று நிலத்தை அடகு வைத்த அப்பாக்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியும். கேட்டால் சொல்வார். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

பொறியியலில் இப்போது எல்லாமே செயற்கை நுண்ணறிவு. நன்றாக இயங்குவதாகச் சான்று பெற்ற கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2024இல் உச்சவரம்பை எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதன் தம்பி டேட்டா சயின்ஸ், ஒன்றுவிட்ட தம்பி சைபர் செக்யூரிட்டி என்று பலகை நீள்கிறது. சிவில் லேபில் இருந்த கான்கிரீட் சோதிக்கும் இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. நேற்றுவரை சி புரோகிராமிங் நடத்திய அதே ஆசிரியர், அதே நோட்டில், இன்று மெஷின் லேர்னிங் நடத்துகிறார். நுண்ணறிவு செயற்கை என்பதில் மட்டும் கல்லூரி பொய் சொல்லவில்லை.

இதே ஊர்களில் 2008இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் தொடங்கின. விழுப்புரத்துக்குக் காகுப்பத்தில், திண்டிவனத்துக்கு மேல்பாக்கத்தில். தமிழ் வழியில் சிவில், மெக்கானிக்கல் என்று 2010இல் பெரிய அறிவிப்பு வந்தது. 2023 மே மாதம் 11 உறுப்புக் கல்லூரிகளில் சேர்க்கை குறைவு என்று அந்தத் தமிழ் வழிப் படிப்புகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தவில்லை என்று சொன்னது. படித்து முடித்தவனுக்கு வேலைக்கு என்ன ஏற்பாடு என்று முதல் தடவையும் சொல்லவில்லை, இரண்டாம் தடவையும் சொல்லவில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்ததாகக் கல்வெட்டிலும் பெருமையாகப் பொறித்து வைத்தான். விசித்திரசித்தன் என்பது அவன் பட்டப்பெயர். நம் காலத்து விசித்திரசித்தர்கள் அவனைத் தாண்டிவிட்டார்கள். பேராசிரியர் இல்லாமல், ஆய்வகம் இல்லாமல், நூலகம் இல்லாமல் கல்லூரி எடுக்கிறார்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்த்ததாகக் கணக்கு. சிலர் பேர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். மயிலம் முருகனுக்கே ஆறு முகம்தான்.

தனியார்தான் இப்படி, அரசாங்கம் யோக்கியம் என்று யாரும் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. அறுபதுகளின் கடைசியில் வந்த இந்த இரண்டு கல்லூரிகளும் இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளில் பட்டம் பெற்ற போட்டோவே மாட்டியிருக்காது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் தமிழகத்து அரசுக் கலைக் கல்லூரிகளின் வகுப்பறையைத் தாங்குகிறவர்கள் யார்? கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கியவருக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுத்து, பிறகு பெரிய மனசு பண்ணி 25,000 ஆக்கினார்கள். அதுவும் வருஷத்துக்கு 11 மாதம். பன்னிரண்டாவது மாதம் அவர் தன் பாடத்தின் மேல் இருக்கிற ஆர்வத்தைச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். 2019இல் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடம் என்று அறிவித்தார்கள். அது கரைந்து போனது. 2024 மார்ச்சில் 4,000 என்று அறிவித்தார்கள்; அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. தாவரவியலைப் பிடித்துப் படித்து, அதிலேயே ஆய்வும் முடித்து, தலை நரைத்து, தற்காலிகமாக நிற்கிற ஒருவர்தான் வகுப்பில் வந்து தாவரவியல் சொல்லித் தருகிறார். பிடித்ததைப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடப்புத்தகம் எதற்கு?

பிள்ளைகளை விடுங்கள், பல்கலைக்கழகத்துக்கே இங்கே கதி இதுதான். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து, விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் பிறந்தது. ஆட்சி மாறியது. அதே வருஷம் ஆகஸ்ட் 31 அன்று அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒரே செமஸ்டரில் படிப்பை நிறுத்திய முதல் பல்கலைக்கழகம் விழுப்புரத்துடையது. தேர்தலுக்கு முன் அவசரமாகப் பெற்றவர்களுக்கும் வெட்கமில்லை, தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போனவர்களுக்கும் வெட்கமில்லை.

இனி அந்த ‘ஆர்வம்’. அது இந்த மண்ணில் இல்லையா? மல்லாட்டைக் கொல்லையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எந்தச் செடி பூ விட்டிருக்கிறது, எது டிக்கா நோயில் புள்ளி விழுந்து போகும் என்று பத்து வயசில் தெரியும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரோடு நாடு முழுக்கப் போயிருக்கின்றன. அந்த மூன்றெழுத்தில் தன் ஊர் இருக்கிறது என்று திண்டிவனத்துப் பள்ளிப் பிள்ளைக்கு எவரும் சொன்னதில்லை. திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது, இரண்டு கோடி வருஷப் பழசு. சுற்றுலா கூட்டிப்போய் அதன்மேல் உட்காராதே என்று அதட்டுவார்கள். இதைப் படிக்க ஜியாலஜி என்று ஒரு படிப்பு உண்டு என்று சொல்லமாட்டார்கள். கழுவெளியை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மரக்காணத்து உப்பளத்துப் பிள்ளை நூறு பறவைக்கு ஊர்ப் பெயர் சொல்லும். அதை அறிவு என்று மதிக்க ஆளில்லை. செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். அந்தக் கோட்டை அடிவாரத்துப் பையன் கலந்தாய்வில் பி.ஏ. வரலாறு கிடைத்தது என்று வீட்டுக்கு வந்தால் மட்டும் இழவு விழுந்த அமைதி. ‘வேற ஒண்ணும் கெடைக்கலியா?’

அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கலந்தாய்வு நாளில் அவனுக்கு வரலாறு கிடைத்தது கோட்டையின் மேல் ஆசைப்பட்டதால் இல்லை. பி.காம். முடிந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிந்தது, கணிதம் அவனுக்கு வராது. “ஹிஸ்டரி, ஷிப்ட் டூ இருக்கு, வேணுமா? சீக்கிரம் சொல்லுப்பா, பின்னாடி ஆள் நிக்குது.” ஷிப்ட் இரண்டு முடிந்து கடைசி டவுன் பஸ் பிடிக்க முடியுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டுகிறான். அவன் எடுத்த ஒரே சொந்த முடிவு அந்தப் பஸ் கணக்கு. பெண் பிள்ளையாக இருந்தால் அதுவும் அவள் முடிவில்லை, அண்ணன் முடிவு.

உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் விகிதம் 28 சொச்சம், நம்முடையது 47 என்று 2021-22 கணக்கைக் காட்டி மார் தட்டுகிறோம். தட்டலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அந்தப் பணத்தில் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருகிற பிள்ளை எத்தனை என்று எனக்குத் தெரியும். அதைக் கிண்டல் செய்ய என் நாக்கு எழாது. வாசல் வரைக்கும் கூட்டி வந்தவர்கள், உள்ளே பாடம் நடத்த ஆள் போட்டார்களா என்பதுதான் கேள்வி.

இந்த வாசலுக்கு இங்கே உயிர் போயிருக்கிறது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்து 21 பேர் செத்தார்கள். அவர்களுக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். உயிரைக் கொடுத்து வாங்கிய சீட்டை இன்று பேரப் பிள்ளைகளுக்கு நிரப்பித் தருகிறவன், கமிஷன் வாங்குகிற ஒரு தரகன். அவர்கள் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கிய எந்தக் கட்சியும் அந்தத் தரகன் கடைக்கு முன்னால் ஒரு நாள் கூட மறியல் செய்ததில்லை. செய்வது கஷ்டம்தான். சில கட்சிக்காரர்களுக்குச் சொந்தமாகவே கல்லூரி இருக்கிறது.

மூன்று வருஷம் வரலாறோ, நான்கு வருஷம் செயற்கை நுண்ணறிவோ முடித்துவிட்டு எல்லோரும் கடைசியில் வந்து சேரும் பொதுவான மேஜர் ஒன்று உண்டு: குரூப் ஃபோர். 2022இல் 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். விழுப்புரத்துப் படிப்பு வட்டங்களில் பி.இ.யும் எம்.எஸ்சி.யும் எம்.ஃபில்லும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறார்கள். விண்ணப்பத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பத்தாவதோடு வந்திருந்தால் பல வருஷமும் அப்பாவின் நிலமும் மிச்சமாகியிருக்கும். பெயர், சாதி, பிறந்த தேதி, கைபேசி எண் எல்லாம் கேட்கிற அந்த விண்ணப்பத்தில் ‘உங்களுக்கு எதில் ஆர்வம்’ என்று ஒரு கட்டம் கிடையாது. அந்த ஒரு இடத்தில்தான் அரசாங்கம் பிள்ளைகளிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது.