வணிகச் சின்னம் காத்த வீரர்கள்

சுங்குவார்சத்திரத்துக்காரர்களுக்கு அரசு அறிக்கை படிப்பதில் ஒரு வசதி உண்டு. அதில் 'தொழிலாளர் நலன்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். மறுநாள் ஆலை வாசலுக்கு எத்தனை போலீஸ் வேன் வரும் என்று சொல்லிவிடலாம்.

2024 செப்டம்பர் 9 அன்று அங்குள்ள சாம்சங் ஆலையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள் என்றாலும், முதல் கோரிக்கை எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். வெள்ளைக்காரன் 1926-இல் போட்ட சட்டம் கொடுத்த உரிமை அது. ஆனால் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வருகிறதாம், அது வணிகச் சின்னமாம். கம்பெனி ஆட்சேபித்தது. கம்பெனி வேறென்ன செய்யும்? நம்முடைய தொழிலாளர் துறை அந்த ஆட்சேபத்தை மடியில் போட்டுத் தாலாட்டியதே, அதுதான் வயிறு எரிகிறது. அதே ஆண்டு ஜூலையில் தென்கொரியாவில் வேலைநிறுத்தம் செய்த சங்கத்தின் பெயரே 'தேசிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் சங்கம்'. பிறந்த வீட்டில் தீட்டுப்படாத பெயர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தால் தீட்டுப்பட்டுவிடும் போல.

இங்கே வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் முதல்வர் முதலீடு திரட்ட அமெரிக்காவில் இருந்தார். ஆகவே அறிக்கைகள் யாருக்கு எழுதப்பட்டன என்பதில் குழப்பம் வேண்டாம். 'சுமுகத் தீர்வு', 'இளைஞர்களின் எதிர்காலம்' எல்லாம் நம் காதில் விழுந்தாலும் நமக்குச் சொன்னவை அல்ல. அடுத்து ஆலை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிக்குச் சொன்னவை. பயப்படாமல் வாருங்கள், ஆட்கள் எங்கள் கைக்குள் இருக்கிறார்கள் என்று.

கைக்குள் இருப்பதை நிரூபிக்கவும் செய்தார்கள். செப்டம்பர் 16 அன்று கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போகக் கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். அக்டோபர் 7 அன்று போராடுகிற சங்கத்தை விட்டுவிட்டு வேறொரு பிரிவினரோடு கம்பெனி ஒப்பந்தம் போட, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஏசி பஸ் என்று அறிவித்தார்கள். சங்கம் கேட்டவனுக்கு ஏசி பஸ்! இரண்டு நாளில் போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. பந்தலுக்கு ஏது வணிகச் சின்னம்? இத்தனைக்கும் ஆளுங்கட்சிக்கே தொ.மு.ச. என்று ஒரு தொழிற்சங்கம் இருக்கிறது.

டெல்லிக்கும் மனம் இளகியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மாண்டவியா, சீக்கிரம் சுமுகமாக முடியுங்கள் என்று முதல்வருக்குக் கடிதம் எழுதினார். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்று 2020-இல் சட்டத் தொகுப்பு நிறைவேற்றிய அரசின் அமைச்சர். நீட், நிதி, மொழி என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகளும் ஆலை வாசலில் மட்டும் சம்பந்தி ஆகிவிடுகின்றன.

டெல்லியின் அறிக்கைக் கலை தனி. கல்வானில் வீரர்கள் இறந்த இரண்டே வாரத்தில், 2020 ஜூன் 29 அன்று, 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது சொன்ன காரணம் இறையாண்மை, தரவுப் பாதுகாப்பு. 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்றார்கள். அதற்கும் பாதுகாப்பே காரணம். வியாபாரிகள் அலறியதும் மறுநாளே அக்டோபர் 31 வரை அவகாசம். நாட்டுக்கு வந்த ஆபத்து மூன்று மாதம் திண்ணையில் காத்திருக்கச் சம்மதித்தது போலும்.

சாக்குச் சொல்லும் கலை கோட்டைக்கும் தெரியும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, தோழிகள் எங்கே என்று கேட்டு மற்ற பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அரசுக்கு உறைத்தது கெட்ட சோறு அல்ல, அந்தத் தோழிகளைப் பற்றிப் பரவிய வதந்தி. பெண்களோடு உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் பிடித்து, செல்போன்களைப் பறித்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. பிறகு ஃபாக்ஸ்கானிடம் ஐபோன் செய்து வாங்கும் ஆப்பிள் நிறுவனமே சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்குச் சட்டமன்றத்தில் வழி செய்துவிட்டு, தொழிலாளி விரும்பினால்தான் என்றார்கள். கன்வேயர் முன்னால் நிற்பவனின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? கூட்டணிக் கட்சிகளே கொதித்ததும், வாபஸ் வாங்கியதை மே தினப் பரிசாக அறிவித்தார்கள்.

சுங்குவார்சத்திரத்துச் சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவானது, அதுவும் உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. சாம்சங் என்ற பெயரோடேதான். ஒரு ஃபிரிட்ஜும் குளிராமல் போகவில்லை.

ஐயா, அடுத்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு யோசனை: அறிக்கையை நேராகக் கொரிய மொழியிலோ சீன மொழியிலோ வெளியிட்டுவிடுங்கள். சேரவேண்டியவர்களுக்குச் சீக்கிரம் சேரும். தமிழில் எங்களுக்கு வேன் ஹாரன் ஒன்று போதும்.