கூப்பனில் மூன்று வரி

1987 ஜூன் மாதம், பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கிறிஸ்தவ இலக்கிய ஊழியத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஓடு வேய்ந்த மூன்று அறைகள்தான் ஊழியம். முன்னறையில் ஆசிரியர் ஐயாவின் மேஜை, சந்தாப் பேரேடுகள். நடு அறையில் எழுத்து கேஸ்கள். பின்னறையில் ஒரு டிரெடில் அச்சு மிஷின், கட்டிங் மிஷின், பசை வாளி. மாதம் ஓர் இதழ், வருஷத்துக்கு நாலைந்து சிறு புத்தகங்கள், கைப்பிரதிகள், டிசம்பர் வந்தால் வாக்குத்தத்த அட்டைகள். ஆட்கள் ஏழு பேர்.

காலை ஒன்பது மணிக்கு ஜெபம். மசி அப்பிய கைகளைக் கழுவிவிட்டு எல்லாரும் நடு அறையில் நிற்போம். ஒரு ஞானப்பாட்டு, ஒரு வேதபாடம். அதன்பின் முந்தின நாள் தபாலில் வந்த மணியார்டர் கூப்பன்களை ஐயா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்.

மணியார்டர் பாரத்தைப் பார்க்காத பிள்ளைகள் இப்போது வேலைக்கு வருகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாரத்தில் ஒட்டியிருக்கும் துண்டைக் கிழித்துத் தருவார். அதுதான் கூப்பன். பணம் அனுப்புகிறவர் சேதி எழுத அதில் கொஞ்சம் இடம் உண்டு. பொடி எழுத்தில் எழுதினால் மூன்று வரி பிடிக்கும். "சந்தா புதுப்பிக்கவும்" என்று எழுதியதுமே ஒரு வரி போய்விடும். மிச்சமுள்ள இரண்டு வரியில் ஒரு குடும்பத்தின் பாரம் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும். மகளுக்கு வரன் அமைய. பம்பாய் போன மகன் கடிதம் போட. கிணற்றில் தண்ணீர் ஊற. அவருக்குக் குடி நிற்க. எங்கள் சந்தா 15 ரூபாய். 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் மணியார்டர் கமிஷன் என்பதால், சந்தாவை அனுப்புகிறவர்கள் பலர் கூட ஐந்து ரூபாய் காணிக்கையும் சேர்த்து 20 ஆக அனுப்புவார்கள்.

வாசித்த கூப்பன்களை நான் ஜெபப் பேரேட்டில் பதிய வேண்டும். தேதி, ஊர், பெயர், ஜெபக் குறிப்பு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பதில்'. அது காலியாகவே இருக்கும். சில மாதங்கள் கழித்து இன்னொரு மணியார்டர் வரும். "பேரன் பிறந்தான், ஸ்தோத்திரம்." பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, தேதி போட்டு, அந்தக் கட்டத்தை நிரப்புவேன். அந்த வேலையில் நான் அடைந்த சந்தோஷத்தை வேறெந்த வேலையிலும் அடைந்ததில்லை.

எழுத்து கோர்ப்பதற்கு ஒரு அண்ணாச்சி இருந்தார். போர்மேனும் அவர்தான். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண் கையெழுத்துப் பிரதியில் இருக்க, வலது கை தானாக அறை அறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கி வரும். இங்கிலீஷ் கேஸைவிடத் தமிழ் கேஸுக்கு அறைகள் மிக அதிகம். 'கு'வுக்கு ஓர் அறை, 'கூ'வுக்கு ஓர் அறை. போதாததற்கு அண்ணாச்சி இரண்டு வகை 'லை'யும் வைத்திருந்தார். பழைய எழுத்துகளை மாற்றி 1978 அக்டோபரில் அரசாணை வந்துவிட்டது. ஆனால் வேதாகமத்தைப் பழைய எழுத்தில் வாசித்தே பழகிய ஆச்சிமார் எங்களுக்குச் சந்தாதாரர்கள். "அவங்களுக்குக் கொம்பு வச்ச லைதான் லை, தம்பி" என்பார்.

ஒரு நேரத்தில் நாலு பக்கம்தான் கோர்க்க முடியும். அதற்கு மேல் எங்களிடம் எழுத்து கிடையாது. நாலு பக்கம் கோர்த்து, கேலியில் வைத்து நனைத்த தாளில் புரூஃப் எடுத்து, திருத்தி, சேஸில் இறுக்கி, 3,000 தாள் ஓட்டி முடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்துகளைத் திரும்ப அவற்றின் அறைகளில் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த நாலு பக்கம். 32 பக்க இதழுக்கு எட்டு முறை இந்தச் சுற்று. பிரித்துப் போடும்போது ஒரே ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் போதும், அது காத்திருந்து பழிவாங்கும்.

அப்படித்தான் ஒரு டிசம்பரில் நடந்தது. வாக்குத்தத்த அட்டையில் வசனத்துக்குக் கீழே நாங்களாக எழுதிய ஒரு வாழ்த்து. அதில் 'வாழ்வு' என்ற சொல். 'வ' அறையில் 'த' ஒன்று கிடந்திருக்கிறது. ஆசீர்வாதமான தாழ்வு என்று அச்சாகி, 2,000 அட்டை மூலை வெட்டி, தங்க நூல் கோர்த்து அடுக்கியாகிவிட்டது. புரூஃபில் என் கையெழுத்து இருந்தது. நான் அந்த வரியை மூன்று முறை வாசித்திருக்கிறேன். மூன்று முறையும் அங்கே இருக்க வேண்டியதை வாசித்தேனே தவிர, இருந்ததை வாசிக்கவில்லை. புத்தாண்டு ஆராதனைக்கு நாலு நாள் இருந்தது. ஐயா ஒரு வார்த்தை திட்டவில்லை. "இதைக் கையில வாங்குறவன் ஒரு வருஷம் முழுக்க வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிருப்பான்" என்று மட்டும் சொன்னார். ராத்திரி முழுக்க டிரெடில் ஓடியது. நான் மறுபடி 2,000 அட்டைக்கு நூல் கோர்த்தேன். அண்ணாச்சி அன்றைக்குத்தான் எனக்குப் புரூஃப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். அப்போது அர்த்தம் வந்து கண்ணை மறைக்காது. 'ர'வும் காலும் இடம் மாறியிருப்பது அப்போதுதான் தெரியும். இன்றும் கணினித் திரையில் அப்படியே வாசிக்கிறேன்.

அண்ணாச்சி தன் வேலையைத் தரங்கம்பாடியோடு சேர்த்துத்தான் நினைப்பார். அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் இருக்கிற காகிதம் தாங்காது என்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1714, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகித விலை ஏறும்போதெல்லாம் அண்ணாச்சி இந்தக் கதையை எடுப்பார். "அவங்க எழுத்தைச் சின்னதாக்கினாங்க. நம்ம கட்டுரையைச் சின்னதாக்குவோம், ஐயாகிட்ட சொல்லு."

1996இல் டிரெடில் போயிற்று. கணினியும் பேஜ்மேக்கரும் வந்தன, அச்சு சிவகாசிக்குப் போனது. எழுத்துகளை ஈய விலைக்கு எடை போட்டு வாங்கிப் போனார்கள். அண்ணாச்சி அன்று வேலைக்கு வரவில்லை. பிறகு வந்து பைண்டிங்கில் உட்கார்ந்தார், இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

கணினியால் வேலை எளிதானது உண்மை. எட்டுச் சுற்று ஒரே சுற்றானது. ஆனால் அந்தப் பேஜ்மேக்கர் கோப்புகளை ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்திருந்தோம். இருபது வருஷ இதழ்கள். இன்றைய கணினியில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் உண்டு, அவையும் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடுகின்றன. 1988 இதழை அலமாரியிலிருந்து எடுத்து யாரும் வாசிக்கலாம். 1998 இதழின் கோப்பை வாசிக்க எங்கள் டிடிபி தங்கை ஒரு வாரம் மெனக்கெட வேண்டும். அவள் மெனக்கெடுகிறாள். மாதம் ஓர் இதழ் என்று வைத்துக்கொண்டு, மாற்றி, நான் பின்னோக்கி வாசித்து, சேர்த்து வருகிறோம்.

தபால்தான் எங்களுக்கு எப்போதும் நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ள விஷயம். பதிவு பெற்ற பத்திரிகைக்கு 50 கிராம் வரை ஒரு பிரதிக்கு 25 பைசா என்று இருந்தபோது, இதழின் பக்கங்களை முடிவு செய்தது ஆசிரியரல்ல, தராசு. ராப்பரும் முகவரிச் சீட்டும் சேர்த்து நிறுத்துப் பார்ப்போம். அட்டை கொஞ்சம் தடித்தால் உள்ளே நாலு பக்கம் போய்விடும். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது என்றானது. கட்டணம் மட்டும் அதற்குப் பிறகும் 25 பைசாவாகவே நின்றது. அந்தச் சலுகை இல்லையென்றால் எங்களைப் போன்ற சிறு இதழ்கள் ஒரு வருஷம் தாங்கியிருக்காது. இதை நன்றியோடு சொல்கிறேன்.

புத்தகங்களுக்கு அப்படியில்லை. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தகத் தபால் சேவையை நிறுத்திவிட்டார்கள். பார்சல் கட்டணம் கேட்டபோது 40 ரூபாய்ப் புத்தகத்துக்கு அதைவிடத் தபால் செலவு கூடுதலாக வந்தது. கட்டி வைத்த பொட்டலங்களை அவிழ்த்து அலமாரியில் திரும்ப அடுக்கினோம். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. சமய நூல்களும் இதில் போகலாம். அந்த வாரமே கட்டிங் மிஷின் பக்கத்தில் மறுபடி பொட்டலம் கட்டத் தொடங்கினோம்.

மணியார்டரும் மாறியது. 2015இல் பழைய பாரம் போய் மின்னணு மணியார்டர் மட்டும் நின்றது. அதில் சேதி எழுத முடியாது. அச்சிட்ட பட்டியலிலிருந்து ஒரு வாசகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்த வருஷம் ஜெபப் பேரேட்டில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை.

பிறகு 2020. மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஏப்ரல் இதழ் சிவகாசியில் அச்சாகாமலே நின்றது. டிடிபி தங்கை அதைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரே ராத்திரியில் அபுதாபியிலும் மலேசியாவிலும் வாசித்தார்கள். முப்பது வருஷமாக ஐயா என்ன கேட்டு ஜெபித்தாரோ அது நடந்தது: தபால் போகாத இடத்துக்கும் இதழ் போக வேண்டும் என்று. போனது. யாருக்குப் போனது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. காணிக்கை ஜிபேயில் வருகிறது, பெயரோடு இரண்டு இங்கிலீஷ் எழுத்து இனிஷியல் வருகிறது, ஊர் வருவதில்லை. ஜெபக் குறிப்பு எழுதுங்கள் என்று ஒவ்வொரு இதழிலும் போடுகிறோம். கூப்பிய கை படம் வருகிறது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இப்போது மூன்று பேர் நிற்கிறோம். எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல், வாசிக்கிற எல்லாருக்காகவும் என்று சொல்லி முடித்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வேலையில் கை ஓடாது.

போன தவக்காலத்தில் ஒரு நாள் ஜிபேயில் 200 ரூபாய் வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பையன்: "ஐயா, ஆச்சி பேசணும்னு சொன்னாங்க." சாத்தான்குளம் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னான், ஆச்சியின் பெயரைச் சொன்னான். எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அந்த ஊரிலிருந்து இருபது வருஷத்துக்குமேல் கூப்பன் வந்திருக்கிறது. நீல மசி, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து, 'ழ'வின் வால் அடுத்த வரிக்குப் போகும். பேரேட்டை எடுக்காமலே அந்தக் கையெழுத்தை என்னால் சொல்ல முடியும். எழுதிய அம்மாவை எனக்குத் தெரியும் என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பிறகு குரல் பதிவு வந்தது. நாலு நிமிஷம்.

"ஸ்தோத்திரம் ஐயா. எனக்கு எழுதத் தெரியாது. தபால்காரத் தம்பிதான் எழுதித் தருவாரு. இடம் இல்ல ஆச்சி, சுருக்கமாச் சொல்லுங்கன்னு சொல்லுவாரு. அவரு ரிட்டயர் ஆகிட்டாரு. இப்போ பேரன் இதுல பேசுனாப் போதும்னு சொல்றான். அதனால எல்லாத்தையும் சொல்லுதேன்."

எல்லாவற்றையும் சொன்னார். மூத்த மகளின் சர்க்கரை, இளையவளின் வழக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, பனையேறி விழுந்த ஒருவரின் இடுப்பு, எழுதிக்கொடுத்த அந்தத் தபால்காரரின் கண் ஆபரேஷன். தெருவில் வீடு வீடாக நடந்து போவது மாதிரி சொன்னார். நடுவில் ஓர் ஆடு கத்தியது, அதை விரட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அதைப் போட்டோம். டிடிபி தங்கை ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினாள், நான் பேரேட்டில் எழுதினேன். பதினொரு பெயர். பதில் கட்டத்தைக் காலியாக விட்டேன். கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று ஆச்சி சொல்லவில்லை. கேட்டுச் சொல்லும்படி பையனுக்குச் சேதி அனுப்பியிருக்கிறோம்.