அலியாஸ் அண்ணன்

டேட்டாபேஸில் கை வைக்கும் எந்த டீமிலும் அலியாஸ் அண்ணன் ஒருவர் இருப்பார். பதவியில் டீம் லீடுக்கு ஒரு படி கீழே. கோட் ரிவ்யூவில் எல்லோருக்கும் ஒரு படி மேலே. ஜூனியர் ஆசையாக எழுதி அனுப்பும் இரண்டு வரி ஸ்கோப்புக்கு அவர் போடும் கமென்ட் ஒன்றே ஒன்றுதான்: “எந்த எம்ப்?”

இந்தக் கேள்விக்கு வேர் கல்லூரி லேபில் இருக்கிறது. ஆரக்கிளோடு வந்த எம்ப் டேபிளில் மொத்தம் 14 பேர். லாகின் பெயர் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர். முன்னது ஆரக்கிளின் ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட், பின்னது அவர் வீட்டுப் பூனை. ஊழியருடைய மேனேஜரின் எண் நிற்கும் ஃபீல்டுக்குப் பெயர் எம்ஜிஆர். தமிழ்நாட்டு லேபில் அதற்கு விசில் பறந்ததில் வியப்பில்லை. பட்டியலின் உச்சியில் இருக்கும் கிங்குக்கு மட்டும் எம்ஜிஆர் கிடையாது; அங்கே நல்.

மேனேஜரும் அதே டேபிளில்தான் ஓர் ஊழியராக உட்கார்ந்திருக்கிறார். ஆகவே டேபிளை இரண்டு முறை அழைத்து, ஒன்றுக்கு ஈ, மற்றதற்கு எம் என்று மாற்றுப் பெயர், அதாவது அலியாஸ், வைத்துச் சேர்க்க வேண்டும். மேனேஜரைவிட அதிகச் சம்பளம் யாருக்கு என்று இன்டர்வியூக்களில் காலங்காலமாகக் கேட்கிறார்களே, அதற்கு விடை இதில் உண்டு. ஜோன்ஸுக்கு 2975, அவருக்குக் கீழே இருக்கும் ஃபோர்டுக்கும் ஸ்காட்டுக்கும் ஆளுக்கு 3000. இந்த 25 வித்தியாசத்தைச் சொல்லும்போது அண்ணனின் குரல், தன் அப்ரைசலைப் பற்றிப் பேசுவதுபோல லேசாகக் கம்மும்.

ரெயில்ஸில் வேலை பார்க்கும் ஜூனியர் ‘ஆக்டிவ்’ என்றொரு ஸ்கோப் எழுதி வைக்கிறான். பணியில் இருப்பவர்களை மட்டும் எடுக்கும்; வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளலாம். ஒருநாள் எச்ஆர், “மேனேஜர் இன்னும் பணியில் இருக்கும் ஊழியர்களை மட்டும் கொடுங்கள்” என்கிறது. அவனும் மேனேஜரை ஜாயின் செய்து, அதே ஸ்கோப்பை மெர்ஜ் செய்கிறான். ஓடுகிறது. ஆனால் ஸ்கோப் சலித்தது ஊழியரை. மேனேஜரோ அந்த ஜாயினில் வேறு பெயரில் இருக்கிறார், அவரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எப்போதோ ராஜினாமா செய்தவர்கூட மேனேஜராகப் பட்டியலில் ஜம்மென்று நிற்கிறார்.

“எரர் வந்தா தெய்வம்டா தம்பி. டேபிள் பேரை விட்டிருந்தா ஆரக்கிள் 00918னு கத்தும், மைஎஸ்க்யூஎல் 1052னு கத்தும். இது கத்தாது. எச்ஆர்தான் கத்தும்.”

மருந்தும் அவரே கொடுப்பார். ஸ்கோப்புக்குள் டேபிளின் பெயரை ஆணியடிக்காமல், டேபிளையே ஆர்க்யுமென்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டால் சொந்த டேபிள், கொடுத்தால் அந்த அலியாஸ். ரெயில்ஸின் ஏரெலில் இது நாலு வரி வேலை. லாராவெல்காரர்கள் மீது அவருக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு: ஒரு மாடல் தன்னோடு தானே உறவு வைத்து ‘வேர்ஹேஸ்’ போட்டால், அது ‘லாராவெல் ரிசர்வ்டு 0’ என்று தானாகவே பெயர் சூட்டிக்கொள்ளும்.

வைத்தியம் சரிதான், டோஸ்தான் அதிகம். பின்கோடு மாஸ்டர் டேபிளுக்கும் அலியாஸ் ஆர்க்யுமென்ட் கேட்பார். “இதை யார்ண்ணே இதோடயே ஜாயின் பண்ணப் போறாங்க?” என்று கேட்டால், “நாளைக்குப் பண்ணா?” என்பார். அந்த நாளை இதுவரை வரவில்லை.

ஊழியர், மேனேஜர் பட்டியல் ரிவ்யூவுக்கு வந்தபோதும் அலியாஸை வரிவரியாகப் பார்த்து, திருப்தியாகி, அப்ரூவ் போட்டது அவர்தான். மீட்டிங்கில் திரையில் ஓடிய பட்டியலில் எம்.டி. ஊழியர் வரிசையில் தன் பெயரை இரண்டு தடவை தேடினார். அவருக்கு மேல் மேனேஜர் கிடையாது. போட்டிருந்தது இன்னர் ஜாயின்.